'அறம்' தொகுப்பு: சோற்றுக்கணக்கில் மாமியின் பக்கம் என்ன? (வடசென்னை வாசகர்களின் விவாத இழை)

டோல்கேட் வாசகன் | சனி, இரவு 10.12

ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பை இந்த மாதம் மறுபடியும் எடுத்தேன். இது நாலாவது தடவை. 2011-ல் வம்சி வெளியீடாக வந்தபோது வாங்கிய பிரதி. முதுகு கிழிந்து செலோடேப் போட்டு நிற்கிறது. முதல் தடவை படித்தபோது அழுதேன், இரண்டாவது தடவையும் அழுதேன். அழுததையே விமர்சனம் என்று நினைத்துக்கொண்டு நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். இந்தத் தடவை அழுகை வரவில்லை, கேள்விதான் வந்தது. அதற்காகத்தான் இந்த இழை.

படிக்காதவர்களுக்கு இரண்டு வரி. 'உண்மை மனிதர்களின் கதைகள்' என்று துணைத்தலைப்பு. 13 கதைகள். 'யானை டாக்டர்' வனத்துறைக் கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியைப் பற்றியது. 'ஓலைச்சிலுவை' நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் சாமர்வெல்லைப் பற்றியது. 'பெருவலி' நாடக ஆசிரியர் கோமல் சுவாமிநாதன், 'கோட்டி' தெருமுனை மேடைப் பேச்சாளர் பூமேடை ராமையா. பெரும்பாலான கதைகளில் ஒரு பெரிய மனிதர் இருப்பார், பக்கத்தில் நின்று அவரைப் பார்க்கிற ஒரு சின்ன மனிதர் இருப்பார். கதையைச் சொல்வது அந்தச் சின்ன மனிதர்தான்.

என் கேள்வி 'சோற்றுக்கணக்கு' பற்றி. திருவனந்தபுரம் சாலை பஜாரில் கேத்தேல் சாகிப்பின் சாப்பாட்டுக் கடை. சாப்பிட்டவரிடம் இவ்வளவு கொடு என்று அவர் கேட்பதில்லை. ஒரு பெட்டி இருக்கும். போட முடிந்ததைப் போடலாம், போடாமலும் போகலாம். நாஞ்சில் நாட்டிலிருந்து படிக்கப்போன ஏழைப் பையன் அங்கே வருஷக்கணக்கில் சாப்பிடுகிறான். அதற்கு முன்னால் அவன் இருந்தது மாமா வீட்டில். மாமி போட்ட சோறு தொண்டையில் இறங்காத சோறு. படித்து வேலை கிடைத்த பிறகு சீட்டு எடுத்த பணத்தைக் கொண்டுவந்து பெட்டியில் போடுகிறான். போட்டுக்கொண்டே இருக்கிறான். பெட்டி நிறைந்து வேறு பெட்டி வைக்க வேண்டிவருகிறது. சாகிப் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. வழக்கம்போலப் பரிமாறுகிறார், அவ்வளவுதான்.

தமிழில் எழுதப்பட்ட நல்ல காட்சிகளில் இது ஒன்று என்று யாரிடமும் பந்தயம் கட்டுவேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மாமா இறந்து, மாமியும் மகள் ராமலட்சுமியும் நொடித்துப்போன நிலையில் இருக்கிறார்கள். கதைசொல்லி அந்த ராமலட்சுமியைக் கல்யாணம் செய்துகொள்கிறான். கடைசியில் சில வரிதான். எனக்கு மீன் முள் மாதிரி நிற்பது அதுதான். பெட்டியில் பணத்தைப் போட்ட கையோடு ஒரு பெண்ணையும் கணக்கில் போட்டுவிட்டாரோ? ராமலட்சுமியை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

வகுப்பறை | சனி, இரவு 11.03

டோல்கேட் சார், நல்ல கேள்விதான். ஆனால் நடுவில் ஒரு படியை விட்டுவிட்டீர்கள். மாமி தன் மகளைக் கட்டிக்கொள்ளும்படி கேட்பது அவன் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஏதாவது பணத்தைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிடு என்கிறாள். தலைப்பிலுள்ள 'கணக்கு' அங்கேதான் வாய்விட்டு வருகிறது. சாகிப்பின் கடைக்கு அவன் பணக்கட்டோடு போனதும் அதே மனநிலையில்தான்: தீர்த்துவிடலாம். அங்கே போய்ப் பார்த்தால் தீர்க்க முடியாது என்று தெரிகிறது. சாகிப் எழுதியே வைக்கவில்லை, பிறகு எதைத் தீர்ப்பது? அது தெரிந்துவிட்டதால்தான் மாமியோடும் பணத்தால் தீர்க்க மறுக்கிறான். கல்யாணம் அவனுக்குக் கணக்கு முடிப்பதல்ல, கணக்கு நோட்டையே கிழித்துப் போடுவது. இப்படித்தான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

'யானை டாக்டர்' பள்ளித் தமிழ்ப் பாடநூலில் துணைப்பாடமாக வந்ததும் பையன்கள் மற்ற கதைகளையும் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவன் மொத்தத் தொகுப்பையும் படித்துவிட்டு வந்து, "டீச்சர், எல்லாக் கதையும் மலை ஏறுற மாதிரியே இருக்கு" என்றான். பாராட்டா குறையா என்று கேட்டேன். முட்டி வலிக்குது என்றான்.

லாஞ்சு | ஞாயிறு, காலை 7.40

மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் சும்மா. அதனால் நானும் படித்தேன். இல்லையென்றால் இந்நேரம் கடலில் இருப்பேன், இல்லை ஏலத்தில் கத்திக்கொண்டிருப்பேன்.

முதலில் என் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். 'மாமி' என்று பார்த்ததும் மடிசார் கட்டிய மாமி என்றே நினைத்து பாதிக்கதை வரை போய்விட்டேன். நம் பக்கம் மாமா பெண்சாதி அத்தைதானே? கதை மீன் பக்கம் திரும்பியதும்தான் எங்கேயோ இடிக்கிறதே என்று மறுபடி முதலிலிருந்து வந்தேன். அந்தப் பக்கத்துப் பேச்சும் சுலபமில்லை. அவர்கள் அயிலை என்பதுதான் நம் கானாங்கத்த என்று எனக்குத் தெரியும், மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

ஆனால் ஒன்று. அந்தப் பேச்சை யாரும் கிண்டலுக்குப் பயன்படுத்தவில்லை. கேத்தேல் சாகிப் வாயைத் திறந்தால் வசவுதான், அதுவும் பாதி மலையாளம். படிக்கிறவனுக்குச் சிரிப்பு வரவில்லை, பயபக்தி வருகிறது. நம் காசிமேட்டுப் பேச்சு கதையில் வந்தால் ஒன்று ரவுடி பேசுகிறான், இல்லை காமெடியன் பேசுகிறான். அந்த ஊர்க்காரர்கள்மேல் எனக்குப் பொறாமைதான்.

கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். கரைக்கு வந்ததும் மீனை ஏலம் விட்டு, டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவெல்லாம் கழித்துவிட்டுப் பங்கு பிரிப்போம். ஒரு ரூபாய் பிசகினாலும் சண்டை வரும், கத்தி எடுத்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னாலேயே ஆளுக்கு ஒரு கை மீன் கறிக்கு என்று போய்விடும். அதை யாரும் எழுத மாட்டார்கள். எங்க அப்பாவிடம் சின்ன வயசில் கேட்டேன், இது யார் பங்கில் கழியும் என்று. முறைத்தார். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன் என்று மட்டும் புரிந்தது. சாகிப்பின் பெட்டியைப் படித்தபோது அந்த முறைப்புதான் ஞாபகம் வந்தது.

'யானை டாக்டர்' பற்றி யாராவது பேசினால் நானும் வருகிறேன். யானை காலில் ஏறுகிற பீர் பாட்டில் துண்டு இருக்கிறதே, அது நம் கடற்கரையிலும் கிடக்கிறது. போன வருஷம் என் குதிகாலில் ஏறியது. ஆறு தையல்.

தங்கசாலை | ஞாயிறு, காலை 11.25

இந்த விவாதத்துக்கு நம் ஊர்ச் சாட்சி ஒருவர் இருக்கிறார். ஏழுகிணறு வீராசாமி தெருவில் வள்ளலார் வாழ்ந்த வீட்டைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1867-ல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டினார், இன்றுவரை அணையாமல் எரிகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நான் சொல்ல வந்தது அதற்கு வெகுகாலம் முந்திய விஷயம். அவர் வரலாற்றைச் சொல்கிறவர்கள் ஒரு சம்பவம் சொல்வார்கள். சின்ன வயசில் படிக்கப் போகாமல் கந்தகோட்டத்திலேயே கிடந்தார் என்று அண்ணனுக்குக் கோபம். இவனுக்குச் சோறு போடாதே என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. அண்ணன் இல்லாத நேரம் பார்த்துக் கொல்லைப்பக்கமாக வரவைத்துச் சோறு போட்டார். வீட்டில் திதி வந்த நாளில் ஊரெல்லாம் முன்வாசல் வழியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போக, பிள்ளை மட்டும் பின்வாசல் வழியாக வர வேண்டியிருக்கிறதே என்று அழுதாராம்.

பசிப்பிணி தீர்த்தவர் என்று வள்ளலாரைக் கொண்டாடுகிறோம். அவருக்குத் திருட்டுச் சோறு போட்ட அந்த அம்மாளுக்கு நாம் ஒரு தெருப் பெயர்கூட வைக்கவில்லை. கேத்தேல் சாகிப் வடலூர் அடுப்பின் வரிசையில் வருகிறவர், சந்தேகமே இல்லை. மணிமேகலையின் அமுதசுரபியை எடுத்துக்கொண்டாலும் அந்த வரிசைதான். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். அதைக் கையில் வைத்திருப்பவர்கள் எல்லோரும் வீட்டுக்கு வெளியே நின்றவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

குறுக்கே ஒருவன் | ஞாயிறு, மதியம் 1.15

இந்த எழுத்தாளர் பேட்டியில் பேசுவதெல்லாம் தெரிந்துமா இந்தக் கதைக்கு இவ்வளவு கொண்டாட்டம்? அவருடைய அரசியலைப் பற்றி ஏன் யாரும்

நெறியாளர் | ஞாயிறு, மதியம் 1.40

மேலே உள்ள பதிவின் மீதியை எடுத்துவிட்டேன். ஆசிரியரின் அரசியலுக்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது, 40 பக்கம் தாண்டிவிட்டது, அங்கே போய் ஆசைதீரப் பேசலாம். இங்கே கதை.

தண்டையார்பேட்டை மெஸ் | ஞாயிறு, மாலை 4.50

பெயரைப் பார்த்தாலே தெரியும். எங்கள் அம்மா வீட்டிலேயே மெஸ் நடத்தினாள். முன்னறையில் இரண்டு பெஞ்சு, பதினாலு பேர் வாடிக்கை. ஹார்பரில் கான்ட்ராக்டில் மூட்டை ஏற்றுகிறவர்கள், ஒரு அச்சகத்துக்காரர், பாரிமுனையில் கிளியரிங் ஆபீசில் வேலை பார்த்த இரண்டு பையன்கள். அப்பா இல்லை. நான் ஆறாவது படிக்கும்போது பரிமாற ஆரம்பித்தேன்.

கணக்கு எழுதினது காலண்டர் தாளின் பின்பக்கத்தில். மாதம் முடிந்து கிழித்ததும் அதைத் திருப்பிச் சுவரில் ஆணி அடித்து மாட்டுவாள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு சாப்பாட்டுக்கு ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. மீன் குழம்பு நாள் என்றால் கோட்டுத் தலையில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குத்தான் சண்டை வரும். "நான் அன்னிக்கு மீன் திங்கலையே" என்பார்கள். யார் எத்தனை துண்டு தின்றார்கள் என்று எனக்குத் தெரியும், ஆனால் சின்னப் பெண் என்பதால் வாய் திறக்கக் கூடாது.

நீங்கள் எல்லாரும் சாகிப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் இந்தக் கதையை மாமிக்காகத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். சோறு போடும்போது ஒரு கண் குண்டானில் இருக்கும், ஒரு கண் வாசலில் இருக்கும். இன்னும் மூணு பேர் வர வேண்டும், குண்டானில் எத்தனை கரண்டி இருக்கிறது? முதல் பந்தியில் ஒருத்தர் நாலாம் தடவை கேட்டால் அம்மா முகம் சுருங்கும். சாப்பிடுகிறவருக்கு அது கஞ்சத்தனம். எனக்குத் தெரியும், அது வகுத்தல் கணக்கு. எங்களுக்கு மிஞ்சினால் சோறு, இல்லையென்றால் வடித்த கஞ்சி.

கதையில் வருகிற மாமியும் அதே கணக்கைத்தான் போடுகிறாள். ஒருத்தர் சம்பாத்தியம், வளர்கிற பெண், ஊரிலிருந்து வந்து உட்கார்ந்த வயசுப்பையன், அந்த வயசில் அவன் தின்கிற சோறு. அவள் கெட்டவள் இல்லை என்று நான் சொல்லவில்லை. வேலையும் வாங்குகிறாள், குத்தியும் பேசுகிறாள். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? சாகிப்பும் திட்டிக்கொண்டேதான் போடுகிறார்! போதும் என்றால் அதட்டி இன்னும் வைக்கிறார். இரண்டு பேர் வாயிலும் வசவு. ஒன்று அன்பு ஆகிவிடுகிறது, இன்னொன்று விஷம் ஆகிவிடுகிறது. ஏன்? அவருக்குக் கடை இருக்கிறது. குறைந்தால் அடுத்த உலையை வைக்கலாம். மாமிக்கு அந்த ஒரு பானைதான்.

தங்கசாலை ஐயா சொன்ன அண்ணி திருட்டுத்தனமாகத்தான் போட முடிந்தது. ஏனென்றால் அரிசி அண்ணனுடையது. சொந்தப் பெட்டி வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்காமல் இருப்பது ஒன்று. சாவி அடுத்தவர் இடுப்பில் இருக்கும்போது கணக்குப் பார்க்காமல் இருப்பது வேறு.

வகுப்பறை | ஞாயிறு, மாலை 6.05

மெஸ் அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கதையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மாமியின் வறுமை கதையில் இல்லாமல் இல்லை. கடைசியில் வருகிறது, நொடித்துப்போன பிறகு. ஆனால் அவள் சோறு போட்ட நாட்களில் அவளுக்கு என்ன கஷ்டம் என்று கதைசொல்லி ஒருபோதும் யோசிப்பதில்லை. தன் பசி மட்டும்தான் அவனுக்குத் தெரியும். இதைக் கதையின் குறை என்பதா, கதைசொல்லியின் குறை என்பதா? ஆசிரியருக்குத் தெரிந்து கதைசொல்லிக்குத் தெரியாமல் இருக்கலாம் இல்லையா?

டோல்கேட் வாசகன் | ஞாயிறு, இரவு 9.20

டீச்சர், அந்த வாய்தாவை நான் ஆசிரியருக்குக் கொடுக்க மாட்டேன். சொல்பவன் அறியாததை வாசகனுக்குக் காட்ட வேண்டுமென்றால் கதையில் எங்காவது ஒரு இடுக்கு வேண்டும். மாமி அரிசி களைந்துகொண்டே ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள் என்று ஒரு வரி போதும். இங்கே அது இல்லை. இந்தத் தொகுப்பின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான்: சொல்பவன் மனம் உருகும்போது கதையும் அவனோடு சேர்ந்து உருகிவிடுகிறது. தள்ளி நின்று அவனைப் பார்க்க ஆள் இல்லை.

இன்னொன்று. இந்தக் கதைகள் 2011 தொடக்கத்தில் அவருடைய இணையதளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக, வெகு குறைந்த நாள் இடைவெளியில் வந்தவை. ஒரே வேகத்தில் எழுதப்பட்டவை. அப்போது காத்திருந்து படித்தவர்களுக்கு ஒவ்வொன்றும் தனி அடி. புத்தகமாக அடுத்தடுத்துப் படித்தால் அந்தப் பையன் சொன்ன மாதிரி முட்டி வலிக்கிறது. கதைசொல்லி கூனிக் குறுகுகிறான், பெரியவர் நிமிர்கிறார், கடைசிப் பக்கத்தில் ஒரு பொங்கல். உத்தி கண்ணில் பட்டுவிடுகிறது. நாலைந்து நாள் இடைவெளி விட்டுப் படியுங்கள் என்று புதியவர்களுக்குச் சொல்வேன்.

அப்புறம் அந்த 'உண்மை மனிதர்கள்'. ஒருவர் நிஜமாக வாழ்ந்தார் என்பது அவரைப் பற்றிய கதைக்கு ஜாமீன் ஆகாது. இதை விமர்சித்தால் அந்தப் பெரிய மனிதரையே குறைசொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று வாசகன் வாயை மூடிக்கொள்கிறான். நானே பத்து வருஷம் மூடிக்கொண்டிருந்தேன்.

ஹவுசிங் போர்டு | திங்கள், காலை 8.30

வியாசர்பாடியிலிருந்து. இதுவரை 'நூறு நாற்காலிகள்' பக்கம் யாரும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இந்தத் தொகுப்பென்றால் அந்தக் கதைதான். பார்த்தாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட நாயாடி சாதியில் பிறந்து ஐஏஎஸ் ஆனவன். அவன் அம்மா பிச்சைக்காரியாகத் திரிந்து அரசு ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறாள். மகன் பேண்ட் போட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் அவனைக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து, அதெல்லாம் வேண்டாம் என்று கெஞ்சுகிறாள். நேர்முகத் தேர்வில் அவன் சொல்லும் பதிலை, நாயாடி கொலையே செய்திருந்தாலும் அவன்தான் நிரபராதி என்பதை, படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்து மாடிக்குப் போனேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் இறங்கினேன்.

ஆனால் மெஸ் அக்கா சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதும் எனக்கு ஒன்று உறைத்தது. 'சோற்றுக்கணக்'கில் தின்கிறவன் தானே சொல்கிறான். எச்சில் ஊறுகிறது, தொண்டை அடைக்கிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது, எல்லாம் உள்ளேயிருந்து தெரிகிறது. அவன் பசி நம் பசி ஆகிவிடுகிறது. 'நூறு நாற்காலிக'ளில் அம்மா தின்பதை வெளியிலிருந்து பார்க்கிறோம். அவள் அள்ளுவது, முழுங்குவது, சிந்துவது எல்லாம் அடுத்தவர் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படி வருகிறது. ஒரே தொகுப்பு, ஒரே பசி. ஒருத்தருக்கு நாக்கு கிடைத்தது, இன்னொருத்தருக்கு வாய் மட்டும்தான் கிடைத்தது.

இதைத் தப்பு என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியவில்லை. அவளைப் பார்க்கிற கண் மகனுடையது. அந்தக் கண்ணைப் பள்ளிக்கூடமும் பயிற்சி நிலையமும் கலெக்டர் ஆபீசும் செய்துகொடுத்தன. பெற்ற தாயையே அவர்கள் பார்க்கிற மாதிரி பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டான், அதுதான் அவனுக்குப் புண். நானும் முதன்முதலாக ஆபீஸ் நண்பர்களை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது எங்கள் ஆயா தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டதைப் பார்த்துக் கதவைச் சாத்தினேன். அதனால்தான் இந்தக் கதையில் தள்ளி நின்று பார்க்க ஆள் தேவைப்படவில்லை. டோல்கேட் அண்ணன் கேட்ட இடுக்கு இதில் இருக்கிறது: மகன் அருவருப்படையும்போது நமக்கு அவன்மேல் அருவருப்பு வருகிறது, உடனே நம்மேலும் வருகிறது.

லாஞ்சு | திங்கள், காலை 9.15

கதவைச் சாத்தினேன் என்று எழுத ஒரு தைரியம் வேண்டும் அண்ணா.

தங்கசாலை | திங்கள், காலை 11.00

ஹவுசிங் போர்டு தம்பி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். தொகுப்பின் தலைப்புக் கதையையும் அதே தராசில் வைக்கலாம். எழுதி வாங்கிக்கொண்டு பணம் கொடுக்காமல் இழுத்தடிக்கிறார் பதிப்பாளர். ஏமாந்த எழுத்தாளர் சாபம் விட்டது தெரிந்து பதிப்பாளர் மனைவி கொதிக்கிற தார் ரோட்டில் போய் உட்கார்ந்துவிடுகிறார், பணம் கொடுத்தால்தான் எழுவேன் என்று. அந்த ஆச்சிக்குக் கதையில் அதிகம் பேச்சே இல்லை. ஆனால் அறம் யார் பக்கம் என்ற வழக்கு அவர் உட்கார்ந்ததும் முடிந்துவிடுகிறது. பெட்டகத்துச் சாவி அந்த அம்மாளிடமும் இல்லை, கவனியுங்கள். உடம்பைத்தான் பணயம் வைத்தார். ஆக, வீட்டுப் பெண்ணின் அறத்தை இந்த எழுத்தாளருக்கு எழுதத் தெரியாது என்று சொல்ல முடியாது. 'சோற்றுக்கணக்'கில் அவர் கவனம் வேறு இடத்தில் இருந்தது.

'பெருவலி', 'கோட்டி' இரண்டும் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. பூமேடை மாதிரி ஆட்களைத் தங்கசாலை மணிக்கூண்டடியில் நிறையப் பார்த்துவிட்டேன், அதனாலும் இருக்கலாம்.

டோல்கேட் வாசகன் | திங்கள், இரவு 10.30

ஆச்சியை மறந்தேபோனேன். சரி, கொஞ்சம் இறங்கி வருகிறேன்.

ராமலட்சுமியைக் கேட்டார்களா என்ற கேள்வியை இன்னும் விடவில்லை. ஆனால் முதல் பதிவில் அந்த முடிவை ஒட்டுப்போட்டது என்பதுபோல எழுதிவிட்டேன், அது அவசரம். மெஸ் சகோதரி எழுதியதற்குப் பிறகு வேறு மாதிரி தெரிகிறது. பெட்டி மாற்றும் காட்சியோடு முடித்திருந்தால் கதை சாகிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போயிருக்கும். நாமும் கும்பிட்டுவிட்டு மாமியை மறந்திருப்போம். அந்தக் கடைசி வரிகள்தான் மாமியைத் திரும்ப வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. கணக்குப் பார்க்காதவருக்கு நன்றி சொல்வது சுலபம். கணக்குப் பார்த்துப் பார்த்துச் சோறு போட்டவளுக்கும் பட்ட கடன் கடன்தான் என்று அவன் உணர்ந்துவிட்டான். என்ன செய்வது என்று தெரியாமல், அவனுக்குத் தெரிந்த ஒரே வழியை, அந்தக் காலத்து ஆண்பிள்ளை வழியை, எடுத்துக்கொண்டான். வழி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த வாசலுக்கு வேறு எந்தக் கதை நம்மைக் கூட்டிப்போனது?

நம் பக்கத்து ஆளாக ஒன்று சொல்கிறேன். தண்டல், அதாவது தினம் கட்டித் தீர்க்கிற கடன், வாங்கி வளர்ந்த வீடு எங்களுடையது. நாளுக்கு நூறு வீதம் நூறு நாள். கையில் கொடுக்கும்போதே வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குச் சைக்கிள் மணி கேட்டால் அம்மா அட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவாள். அட்டையில் நூறு கட்டம். கணக்கு தீர்ந்த அன்றைக்கு அந்த அட்டையை அடுப்பில் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. தீர்க்கக்கூடிய கடன்மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. அவளிடம் போய்க் கணக்கே இல்லாத அன்பு உயர்ந்தது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வகுப்பறை | செவ்வாய், மாலை 5.10

சார், இதை அப்படியே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசுங்கள். நூலகத்தில் மாடி ஹால் கிடைத்திருக்கிறது. மின்விசிறி ஒன்றுதான் ஓடும்.

லாஞ்சு | செவ்வாய், இரவு 8.45

மெஸ் அக்காவிடம் ஒன்று கேட்கணும். பாக்கி வைத்துவிட்டுப் போனவர்கள் யாராவது அப்புறம் வந்தார்களா? கதையில் வருகிற மாதிரி?

தண்டையார்பேட்டை மெஸ் | செவ்வாய், இரவு 10.20

பணக்கட்டோடு ஒருத்தரும் வரவில்லை தம்பி.

ஒருத்தர் மட்டும் வந்தார். அந்தக் கிளியரிங் ஆபீஸ் பையன்களில் ஒருத்தன், இரண்டு மாதக் கோடு பாக்கி வைத்துவிட்டுக் காணாமல் போனவன். மூணு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் வாசலில் நிற்கிறான். கறுத்து, மெலிந்து, கையில் ஒரு ரெக்சின் பை. வேலை போய்விட்டதாம், மறுபடியும் கணக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டான்.

அம்மா அவனைத் திட்டின திட்டு எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்க்கும்படி இருந்தது. பழைய பாக்கி எத்தனை கோடு, எத்தனை புள்ளி, எல்லாம் வாய்ப்பாடு மாதிரி சொன்னாள். சொல்லிக்கொண்டே தட்டைக் கழுவி வைத்தாள். அன்றைக்கு மீன் குழம்பு. அவன் சாப்பிட்டு முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, "எழுதுடி ஒரு கோடு" என்றாள். புள்ளியும் வைக்கவா என்று கேட்டேன். என்னை முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வைத்தேனா இல்லையா என்று இப்போது ஞாபகம் இல்லை.